தேர்தல் நடத்துவோனைத் தேர்வது யார்?

தேர்தலைப் பற்றிப் பேசுவோர் நின்றவரைப் பற்றியும் வென்றவரைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுவர். வாக்காளர் பட்டியலை எழுதுவித்து, நாள் குறித்து, மனுக்களை ஏற்றோ தள்ளியோ, பெட்டிக்கு முத்திரையிட்டு, எண்ணி முடித்து, இன்னார் வென்றார் என்று விளம்பரம் செய்கின்ற அதிகாரி ஒருவர் உளர். அவரை அப்பதவியில் அமர்த்தினவர் யார், அமர்த்தத்தக்கவர் யார் என்னும் வினா எழுவது அரிது. அவ்வினாவையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

தஞ்சை நாட்டார்க்கு இது முற்றிலும் புதிய வினாவன்று. நீரைக்கொண்டு அவர் இதனை நன்கறிவர். பேராவூரணி, கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. 1934-ம் ஆண்டில் கட்டி முடிந்த மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் வெட்டப்பட்ட அக்கால்வாயை ஊரார் புது ஆறு என்றே வழங்குவர். தலைமடையில் உள்ளவன் வேண்டுமட்டும் பாய்ச்சிக்கொள்ள, கடைமடையில் உள்ளவன் வறண்ட வாய்க்காலைப் பார்த்து நிற்பது அங்கே பழகிய காட்சி. மதகு திறக்கும் லஸ்கரை ஆயக்கட்டுக்காரரே வாக்களித்துத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு விதி செய்தால் என் ஆகும்? தலைமடையார் தொகையால் மிக்கவராயின், அவர்க்கு வேண்டியவனே மதகுக்கு வருவான். அவ்வாறன்றிச் சர்க்காரே நியமிக்கட்டும் என்போமாயின், சர்க்காரிற் செல்வாக்குடைய மிராசுதாரின் சொல்லுக்கன்றோ அவன் செவி சாய்ப்பான்? இவ்விரண்டு அச்சமும் தேர்தல் அதிகாரி விஷயத்திலும் அப்படியே பொருந்தும்.

மக்களே தேர்ந்துகொள்ளும் முறையை முதலிற் காண்போம். அது நம் நாட்டில் இல்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. ஆங்கே தேர்தல் நடத்தும் பொறுப்பு இராச்சியந்தோறும் தனித்தனியே அமைந்தது. இருபதுக்கு மேற்பட்ட இராச்சியங்களில், 'இராச்சியக் காரியதரிசி' என்று நாம் மொழிபெயர்த்துச் சொல்லத்தக்க ஓர் அதிகாரி அப்பொறுப்பை வகிக்கின்றார். அவரை அவ்விராச்சியம் முழுவதிலும் உள்ள வாக்காளர் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். அவரும் ஒரு கட்சியின் அபேட்சகராய் நின்று, நிதி திரட்டி, பிரசாரம் செய்து, எதிர்க்கட்சியாரைத் தோற்கடித்து, பிறகு இரு கட்சியார்க்கும் நடுவராய் அமர்கின்றார். நம்மவர் காதுக்கு இது விந்தையாகவே ஒலிக்கும். ஆயினும் அவர்கள் கூறும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நியமனம் பெற்றவன் நியமித்தவனுக்கு அஞ்சுவான். மக்களால் வந்தவன் மக்களுக்கு மட்டும் அஞ்சினாற் போதும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு பயன்பட்டது? 2000-ம் ஆண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நாட்டு முடிவு முழுவதும் புளோரிடா இராச்சியத்தின் கணக்கில் வந்து தங்கிற்று. ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் புஷ் என்பார் 537 வாக்கு மிகுதியாகப் பெற்றார் என்று உறுதிகூறிக் கையொப்பமிட்டவர், இராச்சியக் காரியதரிசியான காதரின் ஹாரிஸ் அம்மையார். அவ்வம்மையாரே அவ்விராச்சியத்தில் புஷ் பிரசாரக் குழுவின் இணைத் தலைவருள் ஒருவர். அவர் சட்டத்தை மீறினார் என்று நாம் கூறவில்லை. சட்டத்தின்படியே நடந்தார் என்று சாதிப்போரும் பலர். ஆனால் தோற்ற கட்சியாருள் ஒருவரேனும் அக்கையொப்பத்தை நடுவரின் கையொப்பமாகக் கருதியிருப்பரோ? அவ்விராச்சியத்தில் இப்பதவி 2003 முதல் கவர்னர் நியமிக்கும் பதவியாயிற்று. இம்மாற்றத்துக்கு வாக்காளர் இசைந்தது மேற்கூறிய கலகத்துக்கு இரண்டாண்டு முன்னரே, 1998-ல், என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்; அஃது வேறு காரணம் பற்றிய சீர்திருத்தம்.

ஜார்ஜியா இராச்சியத்திலோ இதனினும் வியப்பான நிகழ்ச்சிகள் உண்டு. 2018-ல் காரியதரிசியாயிருந்த பிரையன் கெம்ப், அப்பதவியில் இருந்துகொண்டே கவர்னர் பதவிக்கு நின்றார். தாம் நின்ற தேர்தலைத் தாமே மேற்பார்த்தார். வாக்குப்பதிவு முடிந்த பின்னரே பதவியை விட்டார். அவ்வாண்டு காரியதரிசி பதவிக்கு நின்றாருள் எவரும் பாதிக்கு மேல் பெறாமையால், டிசம்பர் 4-ந் தேதி மறுபடியும் இராச்சியம் முழுவதும் வாக்கெடுத்து, பிராட் ராஃபென்ஸ்பெர்கர் என்பாரைத் தேர்ந்தனர். அவரும் கெம்பின் கட்சியார். இங்கேதான் நம் எதிர்பார்ப்பு பொய்க்கின்றது. 2020-ல் அவர் கட்சியின் தலைவரான ட்ரம்ப், ஜார்ஜியாவில் 11,779 வாக்கால் தோற்றார். 2021 ஜனவரி 2-ந் தேதி அவர் டெலிபோனில் ராஃபென்ஸ்பெர்கரை அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டெடுத்துத் தருமாறு கேட்டார். காரியதரிசி மறுத்தார். 2022-ல் கட்சித் தலைவரின் பகையைத் தாங்கிக்கொண்டே மீண்டும் நின்று வென்றார். கட்சியால் வந்தவர் கட்சிக்கு அடங்கவில்லை. மக்களிடம் மீண்டும் போகலாம் என்னும் வழி அவர்க்குத் திறந்திருந்தது.

இனி நம் நாட்டு முறைக்கு வருவோம். 1949-ம் ஆண்டு ஜூன் மாதம் அரசியல் நிர்ணய சபையில் இவ்விஷயம் விவாதத்துக்கு வந்தது. மாகாணந்தோறும் தனித்தனித் தேர்தல் கமிஷன் என்றிருந்த பழைய நகலை மாற்றி, நாடு முழுமைக்கும் ஒரே கமிஷன் என்னும் பிரிவை டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்தார். சில மாகாணங்களில் வேற்று மொழியினரும் வேற்றிடத்தாரும் வாக்காளர் பட்டியலினின்று விலக்கப்படுகின்றனர் என்னும் முறையீடு அம்மாற்றத்துக்குக் காரணம். சிபன்லால் சக்சேனா என்னும் உறுப்பினர் எழுந்து, கமிஷனரை ஜனாதிபதி நியமித்தல் மட்டும் போதாது, இரு சபையும் கூடி மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதனை உறுதிசெய்ய வேண்டும் என்றார். அஃது ஏற்கப்படவில்லை. தகுதியற்றவனோ ஆட்சியாளர்க்கு அடங்கினவனோ அப்பதவிக்கு வாராமல் தடுக்கும் ஏற்பாடு நகலில் இல்லை என்பதை அம்பேத்கரே அச்சபையில் ஒப்புக்கொண்டார். இஃது அரசியற் சட்டத்தின் 324-ம் பிரிவாக நிற்கின்றது. நீக்குவது மட்டும் அரிது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையாலன்றித் தலைமைத் தேர்தல் கமிஷனரை நீக்குதல் இயலாது.

அப்பிரிவின்படி 1950-ல் முதற் கமிஷனராக அமர்ந்தவர் சுகுமார் சென். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளரைக் கொண்ட முதற் பொதுத்தேர்தலை 1951 அக்டோபர் தொடங்கி 1952 பிப்ரவரி வரை அவர் நடத்தினார். வடநாட்டுப் பெண்டிர் பலர் தம் பெயரைக் கூறாது, இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பட்டியலில் எழுதச் செய்தனர். தம் பெயரைக் கூறாதவர் பெயரைப் பட்டியலில் வைத்தலாகாது என்று சென் முடிவு செய்தமையால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்டிர் அத்தேர்தலில் வாக்குரிமை இழந்தனர். கடுமையான முடிவு என்போம். அப்பெண்டிர்க்குப் போதிய அவகாசம் அளிக்கப்பட்டதா என்று கேட்போரை நாம் குறைகூறோம். எனினும் கட்சி அபேட்சகராய் நின்று வந்த ஒருவர் 28 லட்சம் குடும்பத்தின் மனக்கசப்பை ஏற்கத் துணிவரோ? அடுத்த தேர்தலில் பெண்டிர் தத்தம் பெயரோடு பட்டியலேறினர்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பௌதிகம் பயின்று அங்கேயே சில காலம் கற்பித்தவரான டி. என். சேஷனை நம் போன்ற மிஷன் கல்லூரியார் மறப்பதற்கில்லை. 1990 டிசம்பர் முதல் 1996 டிசம்பர் வரை அவர் தலைமைக் கமிஷனராயிருந்த ஆறாண்டில், சுவர்களை நிரப்பிய விளம்பரமும் தெருவை அடைத்த ஒலிபெருக்கியும் அடங்கின. வாக்காளர்க்குப் புகைப்பட அட்டை வந்தது. அவர்தம் அதிகாரத்தைக் குறைக்கவே மேலும் இரு கமிஷனர் 1993-ல் நியமிக்கப்பட்டனர் என்று அந்நாளிற் பலரும் பேசினர். நாம் கருதத்தக்க செய்தி பிறிதொன்று. பதவியை விட்ட பின் 1997-ல் ஜனாதிபதி பதவிக்கும், 1999-ல் காந்திநகர் மக்களவைத் தொகுதிக்கும் அவர் நின்றார்; இரண்டிலும் தோற்றார். நடுவராயிருந்து நாடு போற்ற வாழ்ந்தவரை, அபேட்சகராய் வந்தபோது வாக்காளர் ஏற்கவில்லை. நடுவர்க்குரிய குணம் வேறு, வாக்கு ஈட்டும் குணம் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் அறியோம்.

நம் மாவட்டத்தின் நிகழ்ச்சிக்கு இனி வருவோம். 2016 மே 16-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் சட்டசபைத் தேர்தல் நடந்தது. பேராவூரணித் தொகுதியில் வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் இடைப்பட்ட வாக்கு ஆயிரத்துக்கும் குறைவு. இத்தகைய இடத்தில் ஒரு பெட்டியின் கணக்குப் பிழைத்தாலும் முடிவு மாறும். அதே நாளில் வாக்களிக்க வேண்டிய தஞ்சாவூர்த் தொகுதியார் வாக்களிக்கவில்லை. வாக்காளர்க்குப் பணமும் பரிசும் வாரி வழங்கப்பட்டமை கண்ட கமிஷன், தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் தேர்தலை முதலில் ஒத்திவைத்தது; பின் மறுபடியும் ஒத்திவைத்தது; மே 28-ந் தேதி அறிவிப்பையே நீக்கிற்று. நவம்பர் 19-ந் தேதிதான் அவ்விரண்டிடத்தும் வாக்குப்பதிவு நிகழ்ந்தது. மாநிலத்துத் தலைமைத் தேர்தல் அதிகாரி மாநில அரசின் ஊழியரே. மாநில அரசைக் கலந்து, கமிஷன் அவரை அமர்த்துகின்றது. அவர் அனுப்பிய அறிக்கைகளைக் கொண்டு, மக்கள் வாக்கால் வாராத சிலர், பெருங்கட்சிகள் அனைத்தும் களத்தில் நிற்கும்போது ஒரு தொகுதியின் தேர்தலை நிறுத்த முடிந்தது. தேர்தலில் வந்த அதிகாரி தம் கட்சியின் அபேட்சகரும் நிற்கும் ஓர் ஊரில் இதனைச் செய்வரென்று நம்புதல் அரிது.

இதுகாறும் கூறியவற்றால் நியமன முறையே குற்றமற்றதென்று முடிவுகட்டிவிடலாகாது. ஊராட்சித் தேர்தலை நோக்குக. அதனை நடத்துவது வேறோர் அமைப்பு. மாநிலத் தேர்தல் கமிஷனரைக் கவர்னர், அதாவது நடைமுறையில் மாநில மந்திரிசபை, நியமிக்கின்றது. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய ஊராட்சித் தேர்தலின் அறிவிப்பு, பழங்குடியினர்க்குரிய இட ஒதுக்கீடு பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் எல்லை வகுத்தல் என்றும் வழக்கென்றும் ஆண்டுகள் சென்றன. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர்களில் வாக்குப்பதிவு நடந்தது 2019 டிசம்பரில். பேராவூரணிப் பேரூராட்சியில் 2022 பிப்ரவரியில். இடையில் 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் கஜா புயல் வீசிற்று. பேராவூரணி வட்டாரத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வீழ்ந்த மரத்தைக் கணக்கெடுக்கவும், குடிநீர்க்கு மின்னியந்திரம் தேடவும், நிவாரணப் பட்டியலில் விடுபட்டவன் சென்று முறையிடவும் ஊர்தோறும் ஒரு தலைவர் வேண்டியிருந்தது. அந்நாளில் எந்தச் சிற்றூரிலும் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. பல ஊர்களை ஒருங்கே பார்த்த தனி அலுவலரே இருந்தனர். தேர்தல் நாளைக் குறிக்கவேண்டியவர் குறிக்க இயலாமையால் விளைந்த இழப்பு இது. அதனை எண்ணால் அளந்து கூற நாம் முற்படவில்லை. அத்தோப்புக்காரரைக் கேட்டால் அவர் கூறுவர். 2021 மார்ச்சில், கோவா வழக்கொன்றில், அரசாங்கச் செயலர் பதவியில் இருப்பவரையே மாநிலத் தேர்தல் கமிஷனராகவும் வைத்தல் தகாதென்று உச்ச நீதிமன்றம் விதித்தது. அவ்வாறு வைக்க ஓர் அரசாங்கத்துக்குத் துணிவு வந்ததே நியமன முறையின் நலிவைக் காட்டும்.

பழையோர் இவ்வினாவை எங்ஙனம் தீர்த்தனர் என்று பார்ப்பின், முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் உதவுகின்றன. கி. பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அவை குடவோலை முறையை விரிவாகக் கூறுவன. 30 குடும்புக்கும் ஓலையிட்டு, குடத்தைச் சபை நடுவில் வைத்து, கோயில் நம்பிமாருள் மூத்தவர் எல்லாரும் காண அதனை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் என்பான் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதனை வாங்கி வாசிப்பான், நம்பிமாரும் வாசிப்பர். விரலை ஏன் விரிக்கவேண்டும்? ஒளித்த ஓலையொன்று கையிடையில் இராதென்று காட்டுதற்கே. கணக்குக் காட்டாதவனும் அவன் சுற்றத்தாரும் பெயரிடலாகாது என்பதும் அங்கே விதி. நிலமும் மறைக்கல்வியும் உடைய அந்தணர் சபை அது. பெண்டிர்க்கும் பிறர்க்கும் அதில் இடமில்லை. அதனை இக்காலக் குடியாட்சியின் தாயென்று பாராட்டுவோர் இக்குறையை மறைத்துப் பேசுதல் நன்றன்று. ஆயினும் எடுப்பவன், பிடிப்பவர், வாசிப்பவன் என்னும் மூவகையாரையும் பிரித்து வைத்தமை நாம் கற்கத்தக்கது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டபோது அப்போஸ்தலரும் சீட்டுப்போட்டனர் என்பதை நடபடிகளின் முதல் அதிகாரத்தில் வாசிக்கின்றோம்.

குடத்தை யார் பிடிப்பது என்னும் இவ்வினா 2023-ல் மீண்டும் நாட்டின் முன் வந்தது. அவ்வாண்டு மார்ச் 2-ந் தேதி, பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி ஆகிய மூவர் கூடிக் கமிஷனரைத் தெரிவு செய்யவேண்டும், பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றும்வரை இதுவே முறை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரிற் பார்லிமெண்டு சட்டம் இயற்றிற்று. தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதம மந்திரி குறிக்கும் மந்திரி ஒருவர் அமர்ந்தார். மூவரில் இருவர் ஒரு பக்கத்தவராயின், மூன்றாமவர் கூடத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

நம் கருத்து இது: அதிகாரியை மக்கள் வாக்கால் தேர்தல் நம் நாட்டுக்கு ஏற்றதன்று, நியமனமே நன்று, ஆனால் நியமிக்கும் குழுவில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கூடாது, ஊராட்சித் தேர்தலின் கமிஷனர்க்கும் அத்தகைய குழுவே வேண்டும். ராஃபென்ஸ்பெர்கர் கதை இக்கருத்துக்கு முற்றும் இயையாது என்பதை அறிவோம். 'கண்டெடுத்துத் தருக' என்று மேலிருந்து குரல் வருங்கால், திரும்பிச் செல்ல மக்கள் மன்றம் ஒன்றுண்டு என்னும் துணிவு அவர்க்கிருந்தது. நம் அதிகாரிக்கு அத்துணிவை எதனால் அளிப்பது என்பதை, ஆறாண்டுப் பதவிக்காலமும் நீக்கற்கருமையும் போதுமா என்பதை, அரசியல் நூல் பயிலும் மாணவர் மேலும் ஆராய்வாராக.