பூங்குழலியை எங்கள் ஆற்றுக்குக் கொண்டுவந்த பிறகு

பூங்குழலியின் தோணியை எங்கள் ஆற்றுக்குள் கொண்டுவந்தது நான்தான், 2016இல். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னின் இரண்டாம் பாகத்தில் அவள் ஈழத்துக் கடலில் அவ்வளவு தூரம் துடுப்பு வலிக்கிறாள். எங்கள் ஓட்டமாவடிப் பக்கம் ஒரு முறையும் வரவில்லை. சின்ன வயதில் அது எனக்குப் பெரிய குறை. அப்போது எங்கள் ஊரில் ரயிலுக்கும் லொறிக்கும் ஒரே இரும்புப் பாலம். ரயில் போகட்டும் என்று பஸ் காத்து நிற்கும்போதெல்லாம் கீழே தண்ணீரைப் பார்த்து, இந்த நேரம் அவள் இதால் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன். அந்த நினைப்பைத்தான் பின்னாளில் வாட்பேடில் 18 அத்தியாயமாக எழுதினேன். அதற்கு ஃபேன்ஃபிக் என்று பெயர் இருப்பதே எழுதிய பிறகுதான் தெரிந்தது.

பெயர்தான் புதிது. ‘பொன்னியின் செல்வ’னைத் தொடர்ந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். உமறுப் புலவர் முடிக்காமல் விட்ட சீறாப்புராணத்தின் மிச்ச வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வாகப் பாடினார். அந்தச் ‘சின்ன’ என்ற சொல்லில் முன்னவருக்குக் கொடுத்த இடம் தெரிகிறது. தொடர்ந்து எழுதும் எவருக்கும் நான் முதலில் சொல்வது அதைத்தான்: உங்கள் பெயரையும் போடுங்கள், முன்னவரின் பெயரையும் போடுங்கள், எது அவருடையது எது உங்களுடையது என்று பிரித்துக் காட்டுங்கள். நான் அதைச் செய்யவில்லை. 2022இல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்ததும் கல்கியைப் படிக்காத பிள்ளைகள் என் கதையைப் படிக்க வந்தார்கள். ஒரு பிள்ளை, கல்கி எங்கட ஊரைப் பற்றி எந்தப் பாகத்தில் எழுதியிருக்கிறார் என்று கேட்டு எழுதியிருந்தாள். அன்றிரவே ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இரண்டு வரி விளக்கம் சேர்த்தேன்.

அடுத்த பாடம் கல்குடாவிலிருந்து வந்தது. 11ஆம் அத்தியாயத்தில் ஒரு பேரலை கரையேறி ஒரு குழந்தையைக் கொண்டுபோகும். நன்றாக வந்த அத்தியாயம் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. ஒரு வாசகி தனியாக எழுதினா: “தங்கச்சி, 2004இல எண்ட மகன் போனது அப்பிடித்தான். முன்னுக்கே ஒரு சொல் சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கத்தத் தாண்டிப் போயிருப்பன்.” இந்தக் கரையில் அலையைப் பற்றி எழுதுகிறவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. கதையில் மரணமோ வன்முறையோ இருந்தால் வாசலிலேயே அறிவிப்பது ஃபேன்ஃபிக் உலகின் பழக்கம். 2019இல் ஹியூகோ விருது பெற்ற ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் அதற்கென்றே ஒழுங்கு உண்டு. தமிழில் புதுமைப்பித்தன் 1943இலேயே ‘சாபவிமோசன’த்தின் தொடக்கத்தில், ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்ற கருத்தில் ஒரு குறிப்பு வைத்தார். அவர் அகலிகையை வேறு கண்ணால் பார்க்கப்போகிறார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அலை வரும் அத்தியாயத்தை நான் எடுக்கவில்லை, அறிவிப்பைச் சேர்த்தேன். அந்த உம்மாவுக்கு, அதைத் தாண்டிப் போனாலும் கதை விளங்கும் வகையில் அடுத்த அத்தியாயத்தின் முதல் பந்தியை மாற்றி எழுதினேன்.

கல்கியின் எழுத்து 1999இல் தமிழ்நாட்டு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டது. அதனால் பூங்குழலியோடு எனக்குச் சட்டச் சிக்கல் வரவில்லை. அந்தத் துணிச்சலில்தான் அடுத்த பிழையைச் செய்தேன்.

எங்கள் பக்கத்து எழுத்தாளர் ஒருவரின் சிறுகதையில் பாய் இழைத்துப் பிள்ளை வளர்க்கும் ஒரு பெண் வருவாள். இரண்டே பக்கத்தில் வந்து போகிற அவளைப் படித்த நாளிலிருந்து மறக்க முடியவில்லை. அவளுக்கு ஒரு பழைய காதல், யாருக்கும் தெரியாத ஒரு கடிதம் எல்லாம் வைத்து நீண்ட கதை எழுதினேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பைத் தழுவி எழுத விடும் உரிமை ஆசிரியருடையது. அவர் மறைந்து 70 வருடம் வரை அது நிற்கும். பெயர் போட்டால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தவள், பிரசுரிக்கும் முன் அதை அறிந்து, பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

திண்ணையில் இருந்து முழுவதையும் படித்தார். பிளேன்டி ஆறிப்போனது.

“நல்லா எழுதிரிக்கீங்க மகள். ஆனா இந்தப் பொம்புள நான் உண்டாக்கினவ இல்ல. நம்மட ஊர்லதான் இருந்தா, மௌத்தாகிட்டா. அவட புள்ளையள் இப்பவும் இரிக்காங்க. நான் அவட பாயையும் பசியையும்தான் எழுதினன். நீங்க அவட மானத்துல கை வெச்சிரிக்கீங்க.”

“எனக்குத் தெரியா சேர்.”

“தெரியாதுதான். கேட்டிரிக்கலாமே.”

சட்டம் ஆசிரியரிடம் கேள் என்கிறது. ஆசிரியருக்குப் பின்னால் நிற்கிறவளைப் பற்றி அது பேசுவதில்லை. சின்ன ஊரில் எழுதப்படும் கதைக்கு அசல் ஆள் பெரும்பாலும் அடுத்த ஒழுங்கையில் இருப்பார். காதலையும் கடிதத்தையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் கதை நின்றது. அவளுடைய கை வேலைக்கே அவ்வளவு கதை இருந்திருக்கிறது.

நடிகர் நடிகைகளின் உண்மையான குடும்ப வாழ்வை வைத்துக் கற்பனை செய்யும் கதைகளை நான் அன்றிலிருந்து படிப்பதும் இல்லை.

வாசிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, புனைபெயரில் அருமையாக எழுதினாள். கல்கியின் வானதியைப் பேச வைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுக்குத் தெரிந்த யாரோ ஒருவர், காதல் வரும் ஒரு பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அவளுடைய சொந்தப் பெயரோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். போன் பறிபோனது. கணக்கு அழிந்தது. எழுதிய எதற்கும் பிரதி இல்லை. இன்றுவரை அவள் எழுதவில்லை. என் கதையை யாரோ பெயரை வெட்டி பிடிஎஃப் ஆக்கி டெலிகிராமில் விட்டபோது எனக்குக் கோபம் வந்தது; இதற்கு வந்தது அழுகை. எங்கள் மூத்தம்மாமார் வயலில் கவி பாடினார்கள், யார் கட்டிய கவி என்று யாரும் தேடிப் பிடித்துப் பழி சொல்லவில்லை. கவி ஊருக்கே சொந்தமாக இருந்தது, பாடினவளுக்கு அதுவே காவல். புனைபெயரும் அப்படி ஒரு காவல்தான். ஒரு பெண்பிள்ளையின் எழுத்து பிடித்திருந்தால் அவளுக்குத்தான் எழுதுங்கள். அவள் யார் என்று தெரிந்திருந்தால் தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள்.

திண்ணையில் இருந்து என் கதையைப் படித்த அந்த எழுத்தாளர் இப்போது இல்லை. பாய்க்காரியின் கதையை நான் இன்னும் பிரசுரிக்கவில்லை. எப்படியோ கேள்விப்பட்டு, போன மாதம் அவவின் மூத்த மகள் என் வீட்டுக்கு வந்தா.

“எங்கட உம்மாவ எழுதிரிக்கீங்களாம். தாங்க, வாசிச்சிட்டுத் தாறன்.”

பிரிண்டைக் கையில் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.