பழைய தாளத்தை எடைக்குப் போடும் முன்

ஜவ்வாது மலை வீடுகளில் கூத்துக்கோ பஜனைக்கோ தட்டிய பழைய தாளம் ஒரு ஜோடி பரணில் கிடந்தால், பெரியவர்களைக் கேட்டு வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லலாம். பித்தளை என்று எடைக்குப் போகவிருப்பது வெண்கலமாக இருக்கலாம். ஒலிப் பாடத்துக்கும் உதவும்.

கயிற்றில் தொங்கவிட்டு விளிம்பில் மெதுவாகத் தட்டுங்கள். வெண்கலம் நெடுநேரம் ரீங்கரிக்கும். பித்தளை சீக்கிரம் அடங்கும். செம்போடு ஏறத்தாழ 20 விழுக்காடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் மிகக் கடினமானது. நாதம் நீளுவதும் அதனால்தான், கீழே விழுந்தால் விரிசல் விடுவதும் அதனால்தான். ஓசை கரகரத்தால் விளிம்பில் விரிசலைத் தேடச் சொல்லுங்கள். பற்றவைத்தாலும் பழைய நாதம் திரும்பாது.

பச்சைக் களிம்பை வைத்து வயதை முடிவுகட்ட வேண்டாம். ஈரம் பட்டால் புதியதிலும் பிடிக்கும். கயிறு உராய்ந்து அகன்ற துளையே நல்ல அடையாளம். ஒன்றில் மட்டும் காந்தம் ஒட்டுகிறதா? போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பரதநாட்டிய நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று இரும்பு, மற்றது வெண்கலம்.

புளி போட்டுத் துலக்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். விடாதீர்கள், பொறித்த எழுத்து இருந்தால் தேய்ந்துபோகும். உலர்ந்த துணி போதும்.

எடைக்கடையில் உலோகத்துக்குத்தான் விலை. தாளம் போடத் தெரிந்தவரிடம் தட்டிக் காட்டிய பிறகு வீட்டார் முடிவு செய்யட்டும். யார், எந்தக் கூத்தில் தட்டியது என்பதைப் பிள்ளைகள் தாத்தாவிடம் கேட்டு எழுதி வரட்டும்.