திரைப்படச் சான்றும் குணவிரதமும்

இல்லறத்தார்க்கு உரிய மூன்று குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனின்றி மனம், மொழி, மெய்களைத் தீயவற்றில் செலுத்தாதிருத்தலே அது. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்டத்தை ஐந்தாக வகுத்து, துஃசுருதியை அவற்றுள் ஒன்றாக வைத்தார். விருப்பு, வெறுப்பு, செருக்கு, காமம் முதலியவற்றால் மனத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டலே துஃசுருதி. அன்று செவிவழி வந்தது இன்று கண்வழியும் வருகிறது. ஆதலின் திரைப்படம் காண்டலையும் இவ்விரதம் கொண்டு ஆராய்வோம்.

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தணிக்கை வாரியம் படங்களுக்குச் சான்று வழங்குகிறது. 'யு' அனைவர்க்கும் உரியது. 'ஏ' 18 வயது நிறைந்தோர்க்கு மட்டும். 'எஸ்' மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினர்க்கு. இடைநிலையான 'யு/ஏ' பிரிவை, 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 7, 13, 16 என்னும் வயதுகளால் மூன்றாக வகுத்தது. 'ஏ' படத்திற்குச் சிறுவரை அரங்கினுள் விடலாகாது. 'யு/ஏ' வயதுக் குறிப்போ பெற்றோர்க்கு வழிகாட்டுவது மட்டுமே. முடிவு செய்யும் பொறுப்பு அவர்களுடையது.

1991இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் வன்முறையைப் புகழ்தலையும், தேவையற்ற கொடுமைக் காட்சிகளையும், விலங்குகளைத் துன்புறுத்திக் காட்டுதலையும், இரட்டைப் பொருள்படும் ஆபாசச் சொற்களையும், பெண்களை இழிவுபடுத்தலையும் விலக்குமாறு கூறின. தனிக்காட்சியை மட்டும் நோக்காது, படம் முழுமையும் தரும் விளைவை நோக்கவேண்டும் என்றும் பணித்தன. இவை நாம் வரவேற்கத்தக்கவையே.

ஆயினும் சான்று திரையில் உள்ளதை அளக்குமேயன்றிக் காண்பவரின் உள்ளப் பரிணாமத்தை அளவாது. நாயகன் பகைவனை வெட்டி வீழ்த்துங்கால் அரங்கில் எழும் கைதட்டல் எந்தச் சான்றிலும் பதிவாவதில்லை. நம் அறமோ செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றனையும் ஹிம்சை என்றே கொள்கிறது. அக்கைதட்டல் உடன்படல் அன்றோ? 18 வயது நிறைந்தவர்க்கு வினை கட்டுறாது என்று எந்த ஆகமமும் கூறவில்லை. 'ஏ' சான்று சிறுவரைக் காக்கும். பெரியோரைக் காப்பது விரதமே.

மேலும், அரங்கில் வாயில் காப்போர் உளர். இல்லத்துத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் நாமே வாயில் காப்போர். பிள்ளைகட்கு ஒரு படத்தைக் காட்டுமுன் சான்றினை நோக்குவோம். கண்டபின், "அடியுண்டவன் துன்பத்தை நினைத்தாயா? அவன் வீழ்ந்தபோது உன் மனம் மகிழ்ந்ததா?" என்று வினவுவோம். அதே வினாவை நம் உள்ளத்திடமும் கேட்போம்.

வளர்க ஜினதர்மம்!