சிறுதுளி பெருவெள்ளம் ஆவது எப்போது?



வரவறிந்து செலவு செய்க, சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்க என்னும் அறிவுரை நம் இல்லந்தோறும் வழங்குவது. மேலைநாட்டினர் இதனையே விழுக்காட்டுக் கணக்காக வகுத்துள்ளனர். அமெரிக்காவின் எலிசபெத் வாரன் தம் மகளுடன் எழுதி 2005இல் வெளியிட்ட நூலால் பரவிய முறை அது. வருவாயில் 50 விழுக்காடு தேவைக்கு, 30 விருப்பத்திற்கு, 20 சேமிப்பிற்கு என்பது அதன் சாரம். எளிய வருவாயினர்க்கு இது பொருந்துமா? ஆரணிப் பட்டுநெசவுக் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம். பட்டின்பொருட்டு உயிர்கள் மாய்வது பற்றிய அறவினா தனியே ஆராயத்தக்கது. இங்கு நாம் கருதுவது நெய்யும் குடும்பத்தின் வாழ்வையே.

மாதச் சம்பளம் இல்லாதவர் கணக்கு

நெசவாளர்க்குக் கூலி மாதத்திற்கு அன்று, புடவைக்கு. ஒரு பாவு முடிந்து மறுபாவு வரும்வரை கூலி இல்லை. பாவு பிணைக்கும் நாளில் தறி ஓடாது. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும்.

கணக்கின்பொருட்டு ஒரு புடவைக்குக் கூலி 6,000 ரூபாய் என்றும், குடும்பத்தின் மாதச் செலவு 10,000 ரூபாய் என்றும் கொள்வோம். இரண்டு புடவை முடியும் மாதத்தில் வரவு 12,000; மிச்சம் 2,000. ஒரே புடவை முடியும் மாதத்தில் வரவு 6,000, பற்றாக்குறை 4,000. முன்மாத மிச்சம் முழுவதையும் எடுத்தாலும் 2,000 கடன் வாங்கவே நேரும். தேவைக்கே வருவாய் போதாத இல்லத்தில் விருப்பத்திற்கு 30 விழுக்காடு எங்கிருந்து வரும்? இது சிக்கனக் குறைவன்று, வருவாயின் ஏற்றத்தாழ்வு.

முதற் சேமிப்பு எது?

நூற்றுக்கு மூன்று ரூபாய் மாதவட்டியில் 10,000 ரூபாய் கடன் உள்ளவர் ஆண்டுக்கு 3,600 ரூபாய் வட்டி செலுத்துகிறார். அதே 10,000 ரூபாயை 6.7 விழுக்காடு வட்டியில் வைத்தால் ஓராண்டில் கிடைப்பது ஏறத்தாழ 670 ரூபாய். ஆகவே கடனை வைத்துக்கொண்டு சேமிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. கடுவட்டிக் கடனை அடைப்பதே முதற் சேமிப்பு.

நெசவு முதலாளியிடம் பெறும் முன்பணத்திற்கு வட்டி இல்லாதிருக்கலாம். எனினும் அது தீரும்வரை, கூடுதல் கூலி தருவாரிடம் செல்ல இயலாது. அவ்விழப்பும் ஒருவகை வட்டியே.

பாதுகாப்பான இடம்

எளியோர்க்குச் சேமிக்கும் மனம் இல்லை என்பாரும் உளர். ஆந்திர மாநிலம் விஜயவாடாவின் குடிசைப் பகுதி ஒன்றில் தாம் கண்டதை ஸ்டூவர்ட் ரூதர்ஃபோர்டு என்னும் ஆய்வாளர் எழுதியுள்ளார். அங்கே பெண்கள் 5 ரூபாய் வீதம் 220 முறை ஒருவரிடம் செலுத்தினர்; திரும்பப் பெற்றது 1,000 ரூபாய். செலுத்திய 1,100இல் 100 ரூபாய் அவர்க்குக் கூலி. வட்டி பெறாமல், கூலி கொடுத்தும் சேமித்தனர். காரணம், வாசலுக்கே வந்து வாங்குவாரும், கைக்கெட்டாமல் காப்பாரும் அவர்க்குத் தேவைப்பட்டனர்.

இத்தேவையை வஞ்சகரும் அறிவர். ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்னும் நிறுவனத்தின்மீது 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டது என்பது குற்றச்சாட்டு. ஒரு லட்சம் ரூபாய்க்கு மாதந்தோறும் 30,000 ரூபாய் வரை தருவதாகச் சொல்லப்பட்டதாம். எந்த நேர்மையான தொழிலும் அவ்வளவு ஈட்டாது.

செய்யத்தக்கவை

1. மாதத்திற்கு இவ்வளவு என்று வகுக்காமல், புடவைக்கு இவ்வளவு என்று ஒதுக்குக. கூட்டுறவுச் சங்க நெசவாளர்க்கு 1975 முதல் உள்ள சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் இவ்வழியினதே. கூலியில் ரூபாய்க்கு 8 காசு பிடிக்கப்பட, அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. உறுப்பினர் தம் கணக்கைச் சங்கத்தில் கேட்டறிக.

2. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து செலுத்தலாம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்திற்குள் புதுப்பிக்க வேண்டும். ஆறு தவணையை முன்கூட்டியே செலுத்துவோர்க்குத் தள்ளுபடியும் உண்டு. ஆதலின் வேலை மிகுந்த காலத்தில் முன்தவணை செலுத்தி, மழைக்காலத்தைக் கடக்கலாம்.

3. பதிவு பெறாத சீட்டில் பணம் கட்டற்க. 1982ஆம் ஆண்டுச் சீட்டுநிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்பதைச் சார்பதிவாளர் அலுவலகம் வழியே கேட்டறிந்த பின்னரே சேர்க.

உடையோர் கடமை

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் பொருள்வரைதல் ஒன்று. தம் தேவைக்கு எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதில் பற்று நீக்குவதே அவ்விரதம். அது உடையோர்க்குரியது. இல்லாதவரிடம் அதனைக் கூறிச் சிக்கனம் போதிப்பது முறையன்று. நம்மில் நிலமும் கடையும் உடையோர் பலர். பணியாள் வைத்திருப்போரும் பலர். பணியாளின் கூலியை உரிய நாளில் தருவதும், அவர் பெயரில் அஞ்சலகக் கணக்குத் தொடங்கி ஒரு பங்கைத் தாமும் சேர்ப்பதும், பிள்ளைகளின் திருமணத்தை எளிமையாக நடத்திப் பிறர்க்கு வழிகாட்டுவதும் அவ்விரதத்தின் பயன்கள்.

சிறுதுளி பெருவெள்ளம் ஆகும் என்பது பொய்யன்று. ஆனால் துளி விழவும் வேண்டும். விழுந்தது தங்க ஏரிக்குக் கரையும் வேண்டும். முன்னது உழைப்போர் கையில் உள்ளது. கரை அமைப்பதில் நமக்கும் பங்குண்டு.

வளர்க நல்லறம்!