கழற்சிக் கொடியும் கழங்கும்

சங்க நூல்களைப் பயில்வார் கழங்கு என்னுஞ் சொல்லைப் பலவிடத்தும் காண்பர். மகளிர் கழங்காடி மகிழ்ந்தனர். தலைவியின் மெலிவிற்குக் காரணம் அறிய வேலன் கழங்கிட்டுக் குறி பார்த்தான். அகராதிகள் இதற்குக் கழற்சிக்காய் எனப் பொருள் கூறும். அப்பொருளை மனத்திருத்துதல் எளிது. அக்காயையே விளையாட்டிற்கும் குறிக்கும் முன்னோர் தெரிந்தெடுத்தது ஏன் என அறிதற்குச் செடியையே நோக்க வேண்டும். ஆதலின் அதனியல்பை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கழற்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் பொருநை நாட்டில் தோட்ட வேலிகளிலும் புதர்களிலும் கடற்கரை அயலிலும் படர்வது. பாகலைப் போலப் பற்றுக்கம்பி இதற்கில்லை. முல்லையைப் போலச் சுற்றி ஏறுவதுமில்லை. தண்டிலும் இலைக்காம்பிலும் உள்ள கொக்கி போன்ற முட்களால் பிற செடிகளைப் பற்றி ஏறும். இலை இருமுறை பிரிந்த கூட்டிலை.

பூக்கள் மஞ்சள் நிறத்தன. நீண்ட கொத்தாகப் பூப்பன. இதழ் ஐந்து; கேசரம் பத்து. அவரைப் பூவின் வண்ணத்துப்பூச்சி வடிவம் இதற்கில்லை. இதழமைப்பில் இது ஆவிரைக்கும் கொன்றைக்குமே நெருங்கிய உறவினது. காய் தட்டையாய், உடல் முழுதும் முள் செறிந்து, முதிர்ந்தபின் வெடிக்கும். உள்ளே ஒன்றிரண்டு விதைகளே உண்டு. அவை ஏறக்குறைய 2 செண்டிமீட்டர் அளவின. சாம்பல் நிறமும் பளபளப்பும் உடையன.

இவ்விதையின் சிறப்பெல்லாம் அதன் ஓட்டில் அடங்கியுள்ளது. நீர் எளிதிற் புகாத அவ்வோட்டைச் சிறிது தேய்த்து ஊறவைத்தாலன்றி விதை விரைவில் முளையாது. அவ்வன்மையாலேயே எறிந்து பிடித்தாலும் உடையாது. பன்னாள் கையாளினும் தேயாது. உருண்டு திரண்டிருத்தலின் கைக்கும் இசைவாகும். கழங்காட்டத்திற்கு வேண்டுவன இவையே. புறநானூற்றின் 36ஆம் பாட்டு பொன்னாற் செய்த கழங்கைக் கூறும். செல்வர் இல்லத்தே பொன்னாற் செய்தபோதும் விதையின் பெயரே நிலைத்தது போலும். அப்பாட்டில் வரும் ஆன்பொருநை கருவூர்ப் பக்கத்து ஆறாகும். நம் தண்பொருநை அன்று என்பதும் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவ்வோடே இதனைக் கடல் கடக்கவும் செய்தது. வித்திலைகளின் நடுவே வெற்றிடம் உண்மையின் விதை மிதக்கும். வெள்ளத்தில் நம் ஆற்றில் வீழும் விதையொன்று புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவை அடைதல் கூடும். வெப்ப நாடுகளின் கரையிலிருந்து மிதந்து சென்ற இவ்விதைகள் ஸ்காட்லாந்து, நார்வே கரைகளிலும் ஒதுங்கியுள்ளன. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவினர் இதனைக் காப்பாக அணிந்தனர். நம் வேலன் குறி பார்த்ததும் அவர் காப்பணிந்ததும் ஒப்புநோக்கத்தக்கன.

லின்னேயஸ் 1753இல் இதற்குக் கிலாந்தினா பொண்டுக் எனப் பெயரிட்டார். பொண்டுக் என்பது அரபு மொழியில் ஒருவகைக் கொட்டையைக் குறிக்குஞ் சொல்லினின்று வந்தது. பின்னர்ச் செசால்பினியா இனத்துள் நெடுங்காலம் வைக்கப்பட்ட இக்கொடி, 2016இல் வெளிவந்த ஆராய்ச்சிக்குப்பின் பழைய பெயரையே மீண்டும் பெற்றுள்ளது. முன்னர்த் திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவராயிருந்த வேரிங் என்பார் பதிப்பித்த 1868ஆம் ஆண்டின் இந்திய மருந்து நூல், இவ்விதைப் பொடியை மிளகுடன் சேர்த்து முறைக்காய்ச்சலுக்குரிய மருந்தாக ஏற்றுக்கொண்டது.

இன்று கம்பிவேலியும் மதிலும் பெருகி உயிர்வேலிகள் குறைந்து வருகின்றன. வேலி ஒழியின் கழற்சியும் ஒழியும். கழங்கு என்பது அகராதியில் மட்டும் வாழுஞ் சொல்லாகும். ஆகவே தமிழ் மாணவரும் தாவர நூல் மாணவரும் ஒருங்கு சென்று இத்தகைய கொடிகளைக் கண்டு, அவற்றின் ஊர்ப்பெயர்களையும் குறித்து வைத்தல் நன்று. கல்லூரித் தோட்டத்தின் ஓரத்தில் ஓட்டைத் தேய்த்த விதை ஒன்றை ஊன்றுதற்குப் பெருஞ்செலவும் வேண்டா.