பனிச்சறுக்குப் பலகையைத் தெரிவு செய்தல்



யூன் முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை நியூ சவுத் வேல்சின் பெரிஷர், திரெட்போ மலைகளிலும் விக்டோரியாவின் புல்லர் மலையிலும் பனிச்சறுக்குக் காலமாகும். பெரிஷர், திரெட்போ மலைகளுக்கு அண்மையிலுள்ள கூமா நகரிற் பிறந்த டோரா பிரைட் 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பலகை விளையாட்டில் தங்கப்பதக்கம் வென்றார்.

பலகையின் குதிகால் விளிம்பிலும் விரல் விளிம்பிலும் மாறி மாறித் திரும்பப் பழகும் வரை வாடகைப் பலகையே போதுமானது. அதன்பின் சொந்தப் பலகை வாங்குவோர் கவனிக்க வேண்டியவை நான்கு.

1. சப்பாத்து: இதையே முதலில் வாங்குக. குதிகால் உள்ளே எழும்பாதிருத்தல் வேண்டும்.

2. அகலம்: இது சப்பாத்தின் நீளத்தைப் பொறுத்தது. சப்பாத்து பலகைக்கு வெளியே மிக நீண்டால் பனியில் உரசி வீழ்த்தும். பலகை மிக அகன்றால் திருப்புவது கடினம்.

3. நீளம்: உடல் எடையே முதல் அளவுகோல், உயரம் அடுத்ததே.

4. வளையுந்தன்மை: மென்மையாக வளையும் பலகை சிறு பிழைகளைப் பொறுக்கும். விறைத்த பலகை விரைந்து செல்வோர்க்கு உரியது.

பெற்றோரே! வளரும் பிள்ளையென்று சீருடையைப் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். பலகைக்கு அது ஆகாது. பெரிய பலகை பிள்ளையின் கால்களுக்கு அடங்காது. விழுந்து மணிக்கட்டு முறிதலும் நேரும். வளரும் பிள்ளைக்குப் பருவகால வாடகையோ, பிறர் பயன்படுத்திய பலகையோ நன்று. தலைக்கவசத்தையும் மணிக்கட்டுக் காப்பையும் புதியனவாகவே வாங்குக. விரலுக்கேற்ற வீக்கமே அழகு.

பயிற்சி

1. சப்பாத்தை முதலில் வாங்குவது ஏன்?
2. நீளத்தைத் தீர்மானிப்பது எது?
3. பெரிய பலகையால் விளையும் தீங்கு யாது?