புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

மார்ச் நெருங்கினால் கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நோட்டைப் பிரித்து வைத்து உதடு அசையப் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளைப் பார்க்கலாம். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். அத்தனை கஷ்டப்பட்டும் வீட்டுக்கு வீடு ஒரே புலம்பல்: "படிச்சேன், ஹால்ல போனதும் மறந்துபோச்சு." பெரும்பாலும் கோளாறு படிக்கும் முறையில் இருக்கிறது. உளவியல் முதலாண்டுப் பாடத்தில் நினைவு, கவனம், ஊக்கம் பற்றி வரும் அடிப்படைகளைத் தெரிந்துகொண்டாலே பாதி பாரம் குறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை

மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடியுங்கள். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதையே இன்னொரு முறை படித்தது. மற்றொரு பிரிவு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த உணர்வுதான் ஏமாற்றுகிறது, ஏனென்றால் பரீட்சை ஹாலில் எதிரே புத்தகம் இருக்காது.

ரயிலிலேயே இதைச் செய்யலாம். ஏறியதும் ஒரு பக்கம் படியுங்கள். ஊரப்பாக்கம் வரும்போது நோட்டை மூடுங்கள். வண்டலூர் வரும்வரை, படித்ததை மனசுக்குள் வரிசையாகச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திக்குகிறதோ அதை மட்டும் திறந்து பாருங்கள். பெருங்களத்தூரில் மறுபடி முதலிலிருந்து. திக்கித் திணறி ஒரு வரியை வெளியே கொண்டுவரும் அந்த முயற்சியே நினைவைப் பலப்படுத்துகிறது. புக் பேக் கேள்விகளையும் இப்படித்தான், விடையைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

இடைவெளி விடுங்கள். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-ல் நூலாக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்தில் மறதி விறுவிறுவென்று நடக்கிறது, பிறகு மெதுவாகிவிடுகிறது என்று கண்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் உட்கார்வதைவிட, அதே பாடத்தை இன்று, நாளை, அடுத்த வாரம் என்று பிரித்துத் தொடுவது நல்லது. ரிவிஷன் டெஸ்டை வெறும் மார்க்காகப் பார்க்காதீர்கள். நினைவுக்கு அது இன்னொரு சுற்று.

தூங்குங்கள். படித்ததை மூளை உறுதிப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பரீட்சைக்கு முந்தைய இரவு நைட் ஸ்டடி என்று டீ குடித்து விழித்திருந்தால் அதுவரை படித்ததற்கே கேடு.

செய்யக்கூடாதவை

"எனக்கு ஞாபகசக்தியே கிடையாது" என்று பிள்ளை சொன்னால், பெற்றோர்களே, தலையாட்டாதீர்கள். சென்னையில் பிறந்த ராஜன் மகாதேவன் 1981 ஜூலை 5-ல் மங்களூரில் பை எண்ணின் 31,811 இலக்கங்களைப் பார்க்காமல் ஒப்பித்துக் கின்னஸ் சாதனை படைத்தார். பிற்பாடு அவரை ஆராய்ந்த உளவியலாளர்கள், எண்களுக்குப் பதிலாகக் குறிகளைக் கொடுத்தபோது ஆரம்பத்தில் அவரும் மற்றவர்களைப் போல ஆறு ஏழு அளவில்தான் நின்றார் என்று கண்டார்கள். எண்களைக் கோத்து வைக்கும் வழி அவருக்குப் பழக்கத்தில் வந்திருந்தது. நம் ஊரிலும் இதற்கு மரபு உண்டு. 1907 மார்ச் 10-ல் சென்னை விக்டோரியா ஹாலில் தமிழ்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்து நினைவிலிருந்து விடை சொல்லும் கலையைச் செய்து காட்டினார். அவதானம் குருவிடம் கற்றுப் பயின்று வரும் கலை. உங்கள் பிள்ளை சதாவதானி ஆக வேண்டாம், வேதியியல் சமன்பாடுகளை நாலு நாலாக ஒரு காரணத்தோடு கோத்து வைக்கப் பழகினால் போதும்.

போனை மேசைமேல் வைக்காதீர்கள். கவனம் போகாத இடத்தில் நினைவு பதியாது.

"மார்க் வாங்கினால் பைக்" என்று ஆசை காட்டாதீர்கள். பெற்றோர்கள் நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு இது, அதனால்தான் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்றார்கள். தந்தும் விட்டார்கள். பிறகு சும்மா விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்தக் குறை வரவில்லை. பிள்ளைக்குத் தானாகவே ஆர்வம் உள்ள பாடத்தில் விலை பேசாதீர்கள். சுத்தமாகப் பிடிக்காத பாடத்தில் தொடங்கிவைக்கச் சின்னப் பரிசு உதவலாம். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது, காலையிலா மாலையிலா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தன் கையில் பிடி இருக்கிறது என்ற உணர்வு நெடுநாள் ஓடும்.

"எதிர் வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லாதீர்கள். போன ரிவிஷனில் வாங்கியதோடு இந்த ரிவிஷனை ஒப்பிடுங்கள், போதும்.

நாள் கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எப்போதும் பிடித்த கிரிக்கெட்டுக்குக்கூட எழுந்து போகவில்லை என்றால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். ஊக்கக் குறைவுக்கும் மனச்சோர்வுக்கும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து என்ன கஷ்டம் என்று கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிள்ளை தயங்கினால் நீங்களே முதலில் அழையுங்கள்.